கணக்கியல் என்று உறை போட்ட ஐந்து புத்தகங்கள்

கொழும்பில் காலை ரெயிலில் ஆங்கிலப் புத்தகம் ஒன்றை விரித்துப் பிடித்தால் யாரும் உங்களிடம் எந்த மொழியிலும் பேசமாட்டார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது. வெள்ளவத்தையில் ஏறும்போது பெட்டிக்குள் தாராளமாகத் தமிழ் கேட்கும். பம்பலப்பிட்டி தாண்டியதும் குரல்கள் தணியும். கோட்டையில் இறங்கும்போது நாங்கள் எல்லோரும் ஊமைகள். யாழ்ப்பாணத்தில், என் ஊர் கொக்குவிலில், மினிபஸ்ஸுக்குள் நான் புத்தகத்தை எடுத்தால், பக்கத்து இருக்கைப் பெண் அதை வாங்கி அட்டையைப் பார்த்துவிட்டு, "நீர் ஆற்றை மகள்?" என்று, நான் யார் வீட்டுப் பெண் என்ற விசாரணையைத் தொடங்குவாள். இரண்டு பக்கம் வாசிக்க விடமாட்டாள். அப்போது அது எரிச்சலாக இருந்தது. இப்போது ஒருத்தியாவது அப்படிக் கேட்கமாட்டாளா என்றிருக்கிறது.

ஒரே நாட்டுக்குள் இடம் மாறியவள் தன்னைப் புலம்பெயர்ந்தவள் என்று சொன்னால், கனடாவில் பனி அள்ளுகிறவர்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் என் ஊருக்குப் போக நான் அனுமதி கேட்டு வரிசையில் நிற்கவேண்டும், பிறகு, தரைப்பாதை பூட்டிக் கிடப்பதால், கப்பலுக்குக் காத்திருக்கவேண்டும். இங்கே தங்க, பொலிஸ் பதிவுத் துண்டை அடையாள அட்டையோடு எந்நேரமும் வைத்திருக்கவேண்டும். அந்தப் படிவத்தில் 'கொழும்பில் தங்கியிருப்பதன் காரணம்' என்று ஒரு கோடு உண்டு. ஒவ்வொரு முறையும் 'வேலை' என்று எழுதுகிறேன். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் எழுதுவினைஞர் வேலை. வீட்டில் அம்மா தனியே. ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று தெரியாமல்தான் நான் மருதானைக்குப் போய்ப் பழைய புத்தகக் கடைகளில் நிற்கத் தொடங்கினேன்.

அங்கே தடிப்பாக இருக்கிறதே, இரண்டு ஞாயிறு வாசிக்கக் காணும் என்று வாங்கியதுதான் ஓர் ஆங்கில நாவல் தொடரின் மூன்றாம் பாகம். விண்வெளியில் நடக்கும் போர்க்கதை. அட்டையில் எரியும் கப்பல், துவக்கோடு கவச உடைக்காரர்கள். யுத்தத்துக்குள்ளிருந்து வந்தவளுக்கு இன்னொரு யுத்தம் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். அந்தப் புத்தகத்தில் கப்பல் ஒன்று அழிந்தால் அடுத்த அத்தியாயத்தில் தளபதி உட்கார்ந்து செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுகிறாள். தவறு செய்தவனைக் கூப்பிட்டு ஏன் செய்தாய் என்று கேட்கிறார்கள். அவன் பதில் சொல்கிறான். அதற்கும் மேலாக, ஒன்பதாம் பாகத்தில் போர் முடிந்துவிடும் என்று பின்னட்டையிலேயே போட்டிருக்கிறது. எங்கள் யுத்தத்துக்கு அப்படி ஒரு பின்னட்டை இல்லை. முடிவு உண்டு என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு போர் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அதோடு, கதை நடப்பது போர்க்கப்பலில் அல்ல, போர்க்கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோகும் ஒரு சரக்குக் கப்பலில். அதில் பெல்மர் என்று ஒரு சரக்கு அதிகாரி. சுடத் தெரியாத மனிதர். எந்தப் பெட்டி எந்த அறையில் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். நாள் முழுக்கச் சரக்குப் பத்திரம் நிரப்பும் எனக்கு அவரைப் பிடிக்காமல் போகுமா?

மூன்றாம் பாகத்தை ஒருநாள் வேலையிடத்தில், என் கந்தோர் மேசையில் வைத்திருந்தேன். எதிர் மேசை நில்மினி அதைக் கண்டதும் எழும்பியே விட்டாள். பாணந்துறையிலிருந்து வருகிற பெண், என் வயது. அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் கப்பல் பெயர்களும் கையெழுத்துகளும்தான்.

"உன்னிடம் மூன்று இருக்கிறதா? என்னிடம் ஒன்றும் இரண்டும் இருக்கின்றன! மூன்றைத் தேடித் தேடிக் களைத்துப்போனேன், ஷாந்தி" என்றாள் ஆங்கிலத்தில். அன்றுதான் முதல்தடவையாக என் பெயரைச் சொன்னாள்.

ஒன்றையும் இரண்டையும் அவள் எனக்கு வாசிக்கத் தந்தாள். பிறகு நான்காம் பாகத்தையும் ஐந்தாம் பாகத்தையும் இருவருமாகத் தேடி எடுத்தோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தப் போரைப் பற்றியே கதை. அரைகுறை ஆங்கிலம், அவளுடைய சிங்களம், எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல். "இந்தத் தளபதி சரக்குப் பத்திரம் இல்லாமல் இவ்வளவு குண்டையும் ஏற்றுகிறாளே, சுங்கத்தில் என்ன சொல்வாள்?" என்று கேட்டுச் சிரிப்போம். கொழும்பில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த மேசையில்தான்.

அவளுடைய மல்லி, தம்பி, ராணுவத்தில் இருந்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு சோதனைச் சாவடியில் நிற்கிறான் என்று ஒருநாள் சொன்னாள். இடத்தின் பெயரை அவள் சிங்கள வாயால் சொன்னபோது விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. எங்கள் வீட்டிலிருந்து சந்தைக்குப் போகிற சந்தி. அம்மாவின் பையைத் திறந்து பார்ப்பவன் அவனாக இருக்கலாம்.

"அங்கே மழை எப்போது தொடங்கும்? அவனுக்கு இருமல் இன்னும் சுகமாகவில்லை" என்று கேட்டாள்.

"ஐப்பசியில்" என்றேன். "சந்திக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வேப்பமரம் நிற்கிறது. அதுவரைக்கும் வெயிலுக்கு அதன் கீழே நிற்கச் சொல்லு."

அம்மாவின் பையைப் பற்றி நான் சொல்லவில்லை. பிறகு பெல்மரிடம் திரும்பிப் போனோம்.

இனிமேல் நடந்ததற்குப் பாதிப் பழி பிலோமினா அன்ரிக்கு. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரி, கொட்டாஞ்சேனையில் பிறந்து வெள்ளவத்தைக்கு வாழ்க்கைப்பட்டவர். நல்ல மனுசி, பயந்த சுபாவம். சுற்றிவளைப்பு வரும், பொலிஸ் வீடு வீடாகச் சோதிக்கும் என்று கதை அடிபட்டால் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரு துப்புரவு நடக்கும். ஊர்க் கடிதங்களைக் கிழிப்பார்கள். தொப்பி போட்டவன் யாராவது நிற்கிற படம் என்றால், அது சாரணர் தொப்பி என்றாலும் அடுப்புக்குள் போகும். அப்படி ஒரு சனிக்கிழமை நான் வேலையால் வந்தபோது, என் அறையில் இருந்த ஐந்து புத்தகங்களும் பள்ளிக்கூடக் கொப்பி மாதிரி மண்ணிறத் தாள் உறையோடு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துண்டு ஒட்டி, அழகான கையெழுத்தில்: கணக்கியல் 1, கணக்கியல் 2.

"மட்டையில முழுக்கத் துவக்கும் நெருப்பும் பிள்ளை. வாறவன் இங்கிலீசு வாசிச்சுப் பாப்பானே? படத்தைத்தான் பாப்பான்" என்றார் அன்ரி.

"இது கதைப் புத்தகம் அன்ரி. கழட்டுவம்."

"ஓம் ஓம், நாளைக்குப் பூசைக்குப் போயிட்டு வந்து கழட்டுவம். இண்டைக்குக் கிடக்கட்டும்."

நான் விட்டுவிட்டேன். மற்றப் பாதிப் பழி அதற்காக எனக்கு.

ஞாயிறு காலை வந்தார்கள். இளம் பொலிஸ்காரன் ஒருவன் கணக்கியல் 1 இன் உறையைக் கழற்றினான். உள்ளே எரியும் கப்பல். கணக்கியல் 2, கவச உடைக்காரர்கள். ஐந்தையும் கட்டிலில் வரிசையாக விரித்துவிட்டு என்னைப் பார்த்தான். உறை இல்லாமல் மேசையில் கிடந்திருந்தால் புரட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பான். என்னையும் புத்தகங்களையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த அதிகாரி என்னைத் திட்டக்கூட இல்லை. ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: கதைப் புத்தகம் என்றால் ஏன் ஒளித்தாய்? வீட்டுக்கார அம்மா பயந்துவிட்டார் என்றேன். எதற்குப் பயந்தார் என்றார். உங்களுக்குத்தான் என்று எப்படிச் சொல்வது? முதலாம் பாகத்தின் உள்பக்கத்தில் நில்மினியின் பெயரும் கந்தோர் தொலைபேசி இலக்கமும் இருந்தன. இரவு என்னை நிலையத்திலேயே வைத்திருந்து, அடுத்தநாள் காலை அந்த இலக்கத்துக்கு அழைத்தார்கள்.

அவள் வந்தாள். இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும், அவள் உடனே வந்தாள். கந்தோர்க் கடிதத்தோடு வந்து, புத்தகங்கள் தன்னுடையவை என்றும் இவள் தன் சிநேகிதி என்றும் சொல்லிக் கையெழுத்து வைத்தாள். என்னை விட்டார்கள். ஆனால் அவளுடைய குடும்ப விபரமும் எழுதிக்கொண்டார்கள். இரண்டு கிழமையில் அது யாழ்ப்பாணத்து ராணுவ முகாமுக்குப் போனது. அங்கே, உன் அக்காவின் சிநேகிதி யார் என்று மல்லியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"அம்மா வேண்டாம் என்கிறார், ஷாந்தி" என்றாள் நில்மினி, சாப்பாட்டு மேசையில், பார்சலைப் பிரிக்காமல். "மல்லிக்குப் பிரச்சினை வரும். உனக்கு விளங்கும்தானே?"

"விளங்குது" என்றேன். விளங்கத்தான் செய்தது. அதுதான் கஷ்டம். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் வீட்டுக்குப் போய் நன்றாகத் திட்டிவிட்டுப் படுத்திருப்பேன். புத்தகங்களைப் பிரித்துக்கொண்டோம். ஒன்று, இரண்டு, நான்கு அவளுக்கு. மூன்றும் ஐந்தும் எனக்கு. மறுநாளிலிருந்து அவள் ஜன்னலோர மேசையில் மற்றப் பெண்களோடு சாப்பிட்டாள். நான் என் மேசையிலேயே சாப்பிட்டேன். அம்மாவைப் பிரிந்து வந்தபோதுகூட நான் அவ்வளவு தனித்துப்போனதாக நினைக்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து மருதானையில் ஆறாம் பாகம் கிடைத்தது. இரண்டு பிரதி வந்தது, மற்றதைப் போன கிழமை ஒரு நோனா, யாரோ ஒரு சிங்களப் பெண், வாங்கிப்போனார் என்றார் கடைக்காரர். திங்கட்கிழமை அந்த மற்றப் பிரதி நில்மினியின் மேசையில், தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. பிறகு எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. சரக்குப் பத்திரம் நிரப்புகிற சாட்டில் அவள் பக்கத்துக்கு அடையாளமாகச் செருகும் துண்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்பேன். அவள் சிரித்தால் எந்த இடத்துக்குச் சிரிக்கிறாள் என்று தெரியும். நான் வேகமாக வாசித்துவிட்டேன். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், சரக்கறைக் கதவை வெளியிலிருந்து யாராவது பூட்டவேண்டும் என்று வருகிறது. எந்தக் கதவு, எந்தப் பூட்டு என்று தெரிந்தவர் பெல்மர் ஒருவர்தான். அவர் போய்ப் பூட்டினார். திரும்பி வரவில்லை. அந்த ஞாயிறு நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்ரி, என் ஊரில் யாருக்கோ என்னவோ என்று பயந்து, தேத்தண்ணியோடு வந்து கதவைத் தட்டினார்.

அடுத்த வியாழன் மத்தியானம் நில்மினியின் மேசையில் விம்மல் கேட்டது. புத்தகம் மடியில் இருந்தது, கடைசிப் பக்கங்களில் விரிந்து, மேசையால் மறைந்து. கந்தோர் முழுவதும் எழும்பி ஓடியது. அந்த நாட்களில் ராணுவத்தில் தம்பி இருக்கிற பெண் கந்தோரில் அழுதால் காரணம் கேட்கத் தேவையில்லை.

"அனே, மல்லிட்ட மொகத வுணே?" மல்லிக்கு என்ன நடந்தது என்று தலைமை எழுதுவினைஞர் கேட்டார். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். ஒருவர் மின்விசிறியைத் திருப்பினார். பிறகு ஒவ்வொரு முகமாக, வேண்டுமென்று அல்ல, தானாக, என் பக்கம் திரும்பியது. அந்த அறையில் தமிழ் ஆள் நான் ஒருத்திதான். எழும்பி நின்ற நான் அப்படியே உட்கார்ந்தேன்.

நில்மினி முகத்தைத் துடைத்தாள். ஒரு கதைக்காக அழுதேன் என்று அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வாள்? சுற்றி நின்றவர்களின் தோள்களுக்கு மேலால் என்னைத்தான் பார்த்தாள்.

"கவுருவத் மெருணே நே" என்றாள். யாரும் சாகவில்லை.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. தங்கள் தங்கள் கதிரைகளுக்குப் போனார்கள். அவள் சொன்னது பொய் என்று அந்தக் கந்தோரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.