கடையாணியைப் பார்த்துப் பறந்தவன்

தந்தி வந்தபோது நான் தோல் கிடங்கில் உட்கார்ந்து கம்பெனிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆம்பூரில் இங்கிலீஷ் தந்தி வந்தால் தபால்காரர் முதலில் என்னைத்தான் தேடுவார். "பாக்கியநாதன் வூட்டுக்குப்பா. நீயே வந்து படிச்சுடு" என்றார். அவனுடைய அம்மா நேசம்மாள் அத்தை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னையும் தந்தியையும் பார்த்ததும் முறம் கையிலேயே நின்றுவிட்டது. "கண்ணாடி போட்டுக்கினு நிதானமா படிப்பா" என்றார். போட்டுக்கொண்டு படித்தேன். வடமேற்கு எல்லையில் ஒரு மலைமேல் விமானம் விழுந்து அவர் மகன் இறந்துபோனான் என்று இருந்தது.

அழுகைக்கு நடுவில் அத்தை என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். "உன் கண்ணு கெட்டது நல்லதாப் போச்சுடா ஜெயசீலா. இல்லாட்டி உன்னையும் இல்ல வாரிக் குடுத்திருப்போம்!" நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அன்று பேசாததைத்தான் அவனை அறிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் இன்று எழுதிக்கொண்டு வந்து படிக்கிறேன்.

இந்த மாதிரி இரங்கல் கூட்டங்களில் இறந்தவர் மேல் வைத்திருந்த அன்பைச் சொல்வது வழக்கம். எனக்கு அவன்மேல் அன்பைவிடப் பொறாமைதான் ஜாஸ்தி. அவனை 'அவர்' என்று எழுதவும் எனக்கு வரவில்லை. வேலூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். அவன் அப்பா மலையடிவாரத்திலிருந்து கிடங்குகளுக்குத் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை ஏற்றிவரும் வண்டிக்காரர். என் அப்பா கிடங்கில் தலைமைக் குமாஸ்தா. மதராஸில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் கிளப்பில் சர்க்கார் உதவியோடு சேர எங்கள் இருவருக்குமே இடம் கிடைத்தது. வண்டிக்காரர் மகனுக்கும் கிடைத்ததே என்று அன்றைக்கே எனக்குள் ஒரு முள் தைத்தது.

கிளப்பில் நான்தான் கெட்டிக்காரன். அவனுக்கு முன்னால் தனியாகப் பறந்தேன், முன்னால் லைசென்ஸ் வாங்கினேன். நான் இறக்கினால் சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாது. அவன் இறக்கினால் விமானம் மூன்று தடவை குதித்துத்தான் நிற்கும். "இன்னாடா, தவளையா ஓட்டுற?" என்று கேட்பேன். "வந்து சேந்துட்டேன் இல்ல?" என்று சிரிப்பான். அந்த நாட்களில் அவனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்.

போர் தொடங்கியதும் லைசென்ஸ் வைத்திருந்தவர்களை விமானப்படைக்குக் கூப்பிட்டார்கள். இருவரும் காட்பாடியில் ரயிலேறி வடக்கே போனோம். அங்கே போன முதல் வாரத்திலேயே பயிற்சி தரும் அதிகாரி சொல்லிவிட்டார், கிளப்பில் கற்றதில் பாதியை மறந்துவிடுங்கள் என்று. கிளப்பில் எங்களுக்கு வேதவாக்கு ஒன்றுதான்: வானத்தில் இன்னொரு விமானம் தெரிந்தால் விலகிப் போ. படையில் அதைத் தலைகீழாகப் புரட்டினார்கள். மூன்று விமானங்கள் இறக்கைக்கு இறக்கை ஒட்டினாற்போலப் பறக்க வேண்டும். ஒன்று திரும்பினால் மூன்றும் திரும்ப வேண்டும். முன்னால் போகிற விமானத்தின் மூக்கில் சுழலும் காற்றாடி என் கண்ணுக்கு ரம்பம் போலத் தெரியும். கை தானாகவே என் விமானத்தை விலக்கிக்கொண்டு போய்விடும்.

தவளை ஓட்டிய பாக்கியநாதனோ முதல் நாளே ஒட்டிக்கொண்டு பறந்தான். தரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது. நன்றாக எரிந்தது. எப்படி என்று கேட்க வாய் வரவில்லை. அவனே வந்து சொன்னான்.

"பட்டை வண்டிங்க வர்றத பாத்திருக்க இல்ல? பத்து வண்டி வரிசையா வரும். முன்வண்டி கிளப்புற புழுதில பின்னால இருக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. எங்கப்பா இன்னா சொல்வாரு தெரியுமா? மாட்டப் பாக்காத, சக்கரத்தப் பாக்காத, முன்வண்டியோட அச்சு முனையில இருக்கற கடையாணிய மட்டும் பாரு. அது எவ்ளோ தூரத்துல இருக்குதோ அப்படியே வெச்சுக்கோ. இங்கியும் அதான். முன்னால போறவனோட மேல் றெக்கைக்கும் கீழ் றெக்கைக்கும் நடுவுல ஒரு கம்பி நிக்குது பாரு. அதோட அடியில ஒரு ஆணி. அதான் கடையாணி."

பிறகு இதையும் சொன்னான்: "தூரமா நின்னாதான்டா பயம் ஜாஸ்தி. கிட்டப் போனா கம்மி."

மறுநாள் எனக்குப் பரீட்சை. மேலே போனதும் அந்த ஆணி என் கண்ணுக்குத் தெரிந்தது. பளிச்சென்று தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆனால் குமாஸ்தா மகன் வண்டிக்காரர் வித்தையைக் கடன் வாங்கிப் பாஸ் செய்வதா என்று ஒரு வீம்பு வந்தது. பார்வையை எடுத்துவிட்டேன். என் வழியிலேயே பறந்தேன், அரை மைல் விலகி. அடுத்த வாரம் என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆம்பூரில் இறங்கும்போது என் மூக்கில் கண்ணாடி இருந்தது. பார்வைக் குறைவு, டாக்டர் தள்ளிவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். அது வெறும் கண்ணாடி. வழியில் வாங்கிய, பவர் இல்லாத சாதா சில்லு.

அவன் விடுமுறையில் வந்தபோது உடுப்போடு தெருவில் நடந்தான். ஊரே பின்னால் போனது. நானும் போனேன், பல்லைக் கடித்துக்கொண்டு. எங்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது என் கண்ணாடியைக் கழற்றி அவன் தன் கண்ணில் மாட்டிப் பார்த்தான். சில்லைக் கைக்குட்டையால் துடைத்துத் திருப்பித் தந்தான். "நல்ல கண்ணாடிடா. பத்திரமா வெச்சுக்கோ" என்றான். அதோடு விடவில்லை. அன்று சாயங்காலம் கோயிலில் யாரோ என்னைக் கேலி பேசியபோது, "அவன் எனக்கு முன்னாடி பறந்தவன். கண்ணு சரியா இருந்திருந்தா எனக்கு மேல ஆபீசரா இருப்பான்" என்று என் பொய்க்கு அவனே சாட்சி சொன்னான். அன்று அவனை நான் வெறுத்த மாதிரி யாரையும் வெறுத்ததில்லை. அவமானப்படுத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போன வாரம் அவன் கூடப் பறந்தவர் ஒருவர் அத்தைக்குக் கடிதம் எழுதியிருந்தார். அதையும் நான்தான் படித்துச் சொன்னேன். மூன்று விமானங்கள் போயிருக்கின்றன. பாக்கியநாதன் முன்னால். பள்ளத்தாக்கில் திடீரென்று மேகம் மூடியிருக்கிறது. எதிரே மலை இருப்பதை அவன் முதலில் கண்டு, பின்னால் ஒட்டி வந்த இருவருக்கும் மேலே ஏறச் சொல்லிக் கை காட்டினான். அவர்கள் ஏறிவிட்டார்கள். காட்டிய கையைத் திரும்ப எடுத்து அவன் ஏறுவதற்கு நேரம் இருக்கவில்லை. முன்வண்டிக்கு வழி காட்ட முன்னால் வேறு வண்டி இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. பின்னால் போன இருவரில் ஒருவனாக நான் இருந்திருக்கலாம். அவனுடைய ஆணியைப் பார்த்துக்கொண்டே பறந்து, அவன் கை காட்டியதைக் கண்ணால் கண்டு, உயிரோடு வந்து அத்தையிடம் நானே சொல்லியிருக்கலாம்.

அவனுடையது என்று என்னிடம் இருப்பது 'கடையாணி' என்ற ஒரு சொல்தான். அவன்மேல் எனக்குள்ள பொறாமையையும் கூடவே வைத்துக்கொள்கிறேன். அது போனால் அவனும் போய்விடுவான். கண்ணாடியை மட்டும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. இதோ, அவன் படத்துக்குக் கீழே கழற்றி வைத்துவிட்டேன்.

அத்தை, என் கண் கெட்டுப்போகவில்லை. இந்தக் கடைசி வரிகளைக் கண்ணாடி இல்லாமல்தான் படிக்கிறேன். ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது.