மூச்சைப் பிடித்து எழுதிய ஏரிப் பக்கம்

"ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: நம் பள்ளிக் கணினி அறையின் சன்னலோரக் கணினியில் நெடுங்காலம் உழைத்துவந்த மவுஸ் இன்று காலை காலமானது. வால் அறுந்ததே மரணத்துக்குக் காரணம். வலது பக்கம் ஏற்கெனவே வாதத்தில் விழுந்திருந்தது. இறுதி ஊர்வலம் ஸ்டோர் ரூம்வரை நடைபெறும். பூனைகள் மாலையுடன் வர வேண்டாம்."

சென்ற திங்கட்கிழமை காலை இந்த அறிவிப்பை நம் கூட்டுப் பக்கத்தில் ஏற்றிவிட்டு, யாராவது வந்து படித்துச் சிரிக்க மாட்டார்களா என்று உட்கார்ந்திருந்தேன். வந்தவன் மஞ்சுநாத். சட்டைப் பை கிழிந்து தொங்கியது. கீழுதடு பிளந்து வீங்கி, ரத்தம் தாடையில் காய்ந்திருந்தது. அவன் அடி வாங்கி வருவது புதிதல்ல என்பதால் நான் அதைக் கேட்கவில்லை.

"படிச்சுப் பாருடா, மவுஸ் செத்துப்போச்சு" என்றேன்.

திரையைப் பார்த்தான். "பி.டி. சாரும் செத்துட்டாரு" என்றான்.

நம் உடற்பயிற்சி ஆசிரியர் மாதேஸ்வரன் சார், சூளகிரிக்கு இந்தப் பக்கம் மொபெட்டில் நெடுஞ்சாலையைக் கடந்தபோது லாரி மோதியிருக்கிறது. பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மஞ்சு, கூட்டத்தையும் தெரிந்த மொபெட்டையும் பார்த்துக் குதித்திருக்கிறான். சாருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. கூட்டம் லாரி டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தது. ஒருவன் கையில் இரும்பு ராடு. மஞ்சு நடுவில் போய் நின்றான். உதடு பிளந்தது அங்கேதான்.

"சாரைக் கொன்னவனுக்கு நீ எதுக்குடா குறுக்கே போனே?" என்று கத்தினேன்.

"சார் இருந்தா விசில் ஊதியிருப்பாரு. எங்கிட்ட விசில் இல்ல. கையை நீட்டினேன், அவ்ளோதான்."

மவுஸ் அறிவிப்பை அழித்துவிட்டு அதே இடத்தில் இதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள், அதாவது அவரிடம் அடி வாங்கியவர்கள், படிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். பக்கத்தின் விதி அதுதான்.

*

உடற்பயிற்சி ஆசிரியர் கணினி அறைக்குள் வந்த கதை நமக்குத் தெரியும், பிளஸ் ஒன்னுக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். சென்ற ஆண்டு நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, கம்ப்யூட்டர் சார் பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துப் பாதியில் போய்விட்டார். பி.டி. பீரியடை எல்லாம் வழக்கம்போலக் கணக்கு மிஸ் பிடுங்கிக்கொண்டதால் மாதேஸ்வரன் சார் சும்மா இருந்தார். தலைமையாசிரியர் ஒரு பயிற்சிக்குப் போய்த் திரும்பியிருந்த நேரம். வகுப்பு முழுவதும் சேர்ந்து இணையத்தில் ஒரே பக்கத்தை எழுத வேண்டும், யாரும் சேர்க்கலாம், யாரும் நீக்கலாம், அதற்கு விக்கி என்று பெயர் என்றார். பாடம், நம் ஏரி. காவல், மாதேஸ்வரன் சார்.

"விக்கினா தண்ணி குடிக்கணும் சார்" என்றேன் நான். தலைமையாசிரியர் புரியாமல் விழித்தார். பின்னால் நின்ற மாதேஸ்வரன் சாருக்குப் புரிந்துவிட்டது. அறை விழுந்தது. காதுக்குள் ஏரியே இரைந்தது.

"உனக்கு வாய் இருக்கற அளவுக்குக் காத்து இல்லடா" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'வாய்'. அவர் ஊத்தங்கரைப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் கை முதலில் பேசும், வார்த்தை பிறகு வரும். இறந்துவிட்டார் என்பதற்காக அந்தக் கையை நான் புகழப்போவதில்லை. கன்னம் என்னுடையது.

ஏரிப் பக்கம் எழுத ஆரம்பித்த முதல் வாரமே அறை போர்க்களமானது. வகுப்பில் இரண்டு படைகள் இருந்தன. ஒன்று மஞ்சுவின் படை: இந்த ஊர்க்காரர்கள், வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள், நிலம் வைத்திருந்தவர்கள். மற்றது எங்கள் படை: திருநெல்வேலி, மதுரை என்று எங்கெங்கிருந்தோ தொழிற்பேட்டைக்கு வந்த அப்பாக்களின் பிள்ளைகள். எங்கள் தளபதி சுடலைமுத்து. பள்ளி எல்லாருக்குமாக வாங்கிக் கொடுத்திருந்தது ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். யார் எழுதினாலும் பக்கத்தில் ஒரே பெயர்தான் விழும். இரண்டு படையும் இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் எழுதும். பிறகு சேமித்தவன் எழுதியது நிற்கும், முன்பு சேமித்தவன் எழுதியது மாயமாகும்.

இது இயந்திரத்தின் குணம் என்று யாருக்கும் தெரியவில்லை. "ஏலே, அழிச்சுப்புட்டானுவ!" என்று சுடலை எழுந்தான். "ஹோகோ, போடா! நாங்க தொடவே இல்லடா!" என்று மஞ்சு எழுந்தான். காம்பஸ் ஒன்று ஒருவன் தொடையில் இறங்கியது. ஒருவனுக்கு முன்பல் பாதி போனது. மாதேஸ்வரன் சார் எல்லாரையும் சமமாக அடித்துப் பிரித்தார்.

தலைமையாசிரியர் மறுநாள் பிரேயரில் சொன்னார்: "இனிமேல் இந்த அறையில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தினால் மஞ்சுநாத், சுடலைமுத்து இருவருக்கும் டி.சி. அறைக்குப் பூட்டு."

பொதுத்தேர்வுக்குக் கொஞ்ச மாதமே இருந்தது. அந்த நேரத்தில் டி.சி. வாங்கியவனை எந்தப் பள்ளியும் சேர்க்காது. சுடலைக்காவது ஊருக்குப் போனால் மாமா வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. மஞ்சுவுக்கு ஒன்றும் இல்லை. அவன் அப்பா நிலத்தைத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டு, அதே தொழிற்சாலையின் வாசலில் செக்யூரிட்டி உடுப்பில் நின்றார். மஞ்சு வெளியே போனால் அவர் பக்கத்தில் இன்னொரு தொப்பி மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மாதேஸ்வரன் சார் அன்று யாரையும் அடிக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். அது அடியைவிடப் பயமாக இருந்தது.

திடீரென்று நின்று கேட்டார்: "டேய், கபடில ரெண்டு டீம்லருந்தும் ஒரே நேரத்துல ரைடு போவாங்களா?"

"மாட்டாங்க சார்."

"அப்பறம் இங்க மட்டும் இன்னாத்துக்குடா போறீங்க?"

சாக்பீஸ் எடுத்துத் தரையில் கோடு கிழித்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே கணினி. மற்றதை எல்லாம் அணைத்துவிட்டார். ஒருவன் மட்டும் கோட்டைத் தாண்டிப் போக வேண்டும். 'கபடி கபடி' என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்ய வேண்டும். மூச்சு உடைவதற்குள் சேமித்துவிட்டுத் திரும்ப வேண்டும். உடைந்தால் சேமிக்காமல் எழுந்துவர வேண்டும். விசில் அவர் வாயில். இந்த உலகத்தில் விக்கி எழுதியவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம், 'கபடி கபடி' என்று கத்திக்கொண்டே எழுதியவர்கள் நாம் மட்டும்தான். ஒரு மூச்சில் ஒரு வாக்கியத்துக்கு மேல் யாராலும் எழுத முடியவில்லை. அதனால் பக்கம் முழுவதும் குட்டிக் குட்டி வாக்கியங்கள். "மாணவர்களின் நடை தெளிவாகிவிட்டது" என்று தலைமையாசிரியர் பாராட்டினார். நடை தெளிவாகவில்லை ஐயா, நுரையீரல் சின்னது.

ஆனால் குட்டி வாக்கியமும் குத்தும். மஞ்சு ஒரு ரைடில் எழுதினான்: "வந்தேறிகளின் சாக்கடை எங்கள் ஏரியில் விழுகிறது." அடுத்த ரைடில் சுடலை அதை நீக்கிவிட்டு எழுதினான்: "உன் அப்பா என் அப்பாவுக்கு கேட் திறக்கிறார்." சேமித்துவிட்டு, மூச்சு உடையாமல், சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டி வந்தான்.

மறுநாள் மஞ்சு சாப்பாட்டுப் பையைப் பிரித்தான். உள்ளே சாப்பாடு இல்லை, சைக்கிள் செயின்.

அது காற்றில் வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சுடலையின் முகத்துக்கு நேராக வந்தது. விசில் சத்தம் கேட்டது, அதற்கு முன்னாலேயே சார் கோட்டைத் தாண்டிவிட்டிருந்தார். செயின் அவர் முழங்கையைச் சுற்றிக்கொண்டது. மஞ்சு வெறியில் இழுத்தான். சதை கிழிந்து வந்தது. கீபோர்டு, திரை, சுவர் எல்லாவற்றிலும் ரத்தம். என் பங்கைச் சொல்லாமல் விட்டால் வரலாறு மன்னிக்காது: அந்த நொடியில் நான்தான் பாய்ந்து மஞ்சுவின் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். பிடிக்காவிட்டால் இரண்டாவது வீச்சு சாரின் தலையில் இறங்கியிருக்கும். இதைப் பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மின்சாரம் போனது. வழக்கமான பவர்கட்தான். தலைமையாசிரியர் சத்தம் கேட்டு ஓடிவந்தார். செயின் எங்கே போனது என்று அவர் தேடியிருந்தால் சாரின் பேண்ட் பையில் கிடைத்திருக்கும்.

"என்ன சார் இது, ரத்தம்?"

"ஃபேன் சார். தொடைக்க ஏறினேன்."

"கரண்டே இல்லையே!"

"அதான் சார் ஏறினேன். பாவி, அப்பப் பார்த்து வந்துச்சு. கையைக் கிழிச்சிச்சு. மறுபடி போயிடுச்சு."

தலைமையாசிரியர் மேலே பார்த்தார். மின்விசிறி இறக்கைகளில் தூசி அப்படியே இருந்தது. எங்களைப் பார்த்தார். மஞ்சுவின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்கே கேட்டது. "பசங்க ரத்தம் சிந்தினாத்தானே டி.சி. சார்? இது வாத்தியார் ரத்தம்" என்றார் மாதேஸ்வரன் சார். தலைமையாசிரியர் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தையல் போட்ட கையுடன் சார் மறுநாளே வந்தார். மஞ்சுவையும் சுடலையையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார். மன்னிப்புக் கேள், கைகொடு என்றெல்லாம் சொல்லவில்லை. ஒரே ஒரு புது விதி சொன்னார்: "இனிமே அழிச்சவன் அவுட். அவன் எழுதினது புடிக்கலன்னா அதுக்குக் கீழ எழுது. தைரியம் இருந்தா உண்மைய எழுது."

மஞ்சு கோட்டைத் தாண்டினான். கபடி கபடி என்றபோது அவன் குரல் இரண்டு தடவை தழுதழுத்தது, ஆனால் உடையவில்லை. அந்தப் பக்கத்தை இப்போது திறந்தாலும் இருக்கிறது: "கேட்டில் நிற்பவர் என் அப்பா. அவர் நிற்கும் இடம் எங்கள் கொத்தமல்லித் தோட்டம்." அடுத்த ரைடில் சுடலை அதற்குக் கீழே எழுதினான்: "உள்ளே போகிறவர் என் அப்பா. அங்கே கொத்தமல்லி இருந்தது அவருக்குத் தெரியாது."

சார் இரண்டையும் வாய்விட்டுப் படித்தார். விசிலை எடுத்து மெதுவாக ஊதினார். "டிரா" என்றார்.

இருவரும் பொதுத்தேர்வு எழுதினார்கள். இப்போது பிளஸ் ஒன்னில் ஒரே வகுப்பு. அதற்காக அவர்கள் நண்பர்களாகிவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். புதன்கிழமை சாரைச் சுடுகாட்டுக்குத் தூக்கும்போது பாடையின் முன்பக்கத்தை யார் பிடிப்பது என்று தள்ளுமுள்ளு செய்துகொண்டார்கள். சுடலையின் முழங்கை மஞ்சுவின் தையல் போட்ட உதட்டில் பட்டு மறுபடியும் ரத்தம். கடைசியில் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். பறைச் சத்தத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே போனதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

*

இவ்வளவும் எழுதி முடித்து, சேமிக்கப் போகும்போது கை நிற்கிறது. அந்த அறையில் அன்று இருந்த யாராவது ஒருவர் நாளைக்கு இதைத் திறந்து திருத்திவிடுவார். அதற்கு முன் நானே திருத்திக்கொள்வது மரியாதை.

மஞ்சுவின் இடுப்பை நான் பிடிக்கவில்லை. யாரும் பிடிக்கவில்லை. சாரின் ரத்தத்தைப் பார்த்ததும் அவனே செயினை விட்டுவிட்டான். நான் அப்போது மேசைக்கு அடியில் இருந்தேன், கண்ணை மூடிக்கொண்டு, யு.பி.எஸ்ஸைக் கட்டிப்பிடித்தபடி. சார் கிழிந்த கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். என்னைப் பார்த்தார். "டேய் வாய், அங்கயே கெட. ஒயரை மிதிச்சிடாத" என்றார். மற்றவர்களுக்கு அது கேட்கவில்லை.

மறுநாள் மைதானத்தில் ஒன்பதாம் வகுப்புப் பொடியன்களிடம் என் இடுப்புப் பிடியை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பினால் பின்னால் சார் நிற்கிறார், கட்டுப்போட்ட கையுடன். பொடியன் ஒருவன், "நிஜமாவா சார்?" என்று அவரிடமே கேட்டுவிட்டான். என் மூச்சு நின்றுவிட்டது.

சார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆமாண்டா" என்றார். "நல்ல பிடி."

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அது எனக்கு உரியதும் இல்லை.