சவுனாக் கூரைக்கு இறங்கி வந்த ஆண்டெனா

ஏரியெல்லாம் பனியாய் உறைகிற எங்கள் கைனூ வட்டாரத்தில் நான் ஏறாத டவர் கிடையாது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட இந்த ஆர்மாஸ், முந்நூற்றுப் பன்னிரண்டு டவர் ஏறியவன். படித்த பொறியாளர்களெல்லாம் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட என்னைத் திருத்திய ஒரே ஆள் லெஹ்தோவாரா ஏரிக்கரையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஹில்க்கா மொய்லனென்.

ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளியைப் பார்த்ததும் ஒலிப்பதிவில் பேசி வைப்பார்கள். அதைக் கேட்டு எழுத்தாக்கி அனுப்புவது அவள் வேலை. எந்த டாக்டருக்குச் சளி, யாருக்கு வீட்டில் சண்டை என்று குரலை வைத்தே சொல்லிவிடுவாள். புருஷன் தைஸ்தோ போய்ச்சேர்ந்த பிறகும் அதே வீட்டில், அவன் நட்ட பன்னிரண்டு பிர்ச் மரங்களுக்குப் பின்னால், தனியாகத்தான் இருந்தாள்.

இரண்டாயிரத்து எட்டு இலையுதிர்காலத்தில் அவளுக்குத் தொலைபேசிக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொலைபேசிக் கம்பியை அடுத்த வருஷம் கழற்றிவிடுவார்களாம். கம்பி போனால் இணையம் இல்லை. இணையம் இல்லாவிட்டால் வேலை இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு கஜானி டவுனில் ஒரு அடுக்குமாடிக்குள் போய் அடைய வேண்டியதுதான்.

ஊர் கூட்டுறவுச் சங்கத்தில் கூட்டம் போட்டோம். தலைவர் பெந்தி, டிராக்டர்காரன், காபியை உறிஞ்சிக்கொண்டே இழுத்தான்.

"ஊலு பட்டணத்துல எல்லாரும் நாலாம் தலைமுறை இணையம் வரப்போகுதுன்னு பேசிக்கிறாங்கடா. செல்போன் கம்பெனிக்காரன் போடுறது. கொஞ்சம் பொறுத்துப் பாப்போமே?"

"அது உன் கல்லறைக்கு வரும், படுத்துக்கிட்டே பாரு," என்றேன். "கம்பியில்லாம இணையம் தர்ற வைமாக்ஸ் இப்பவே கையில இருக்கு. குன்று மேல ஒரு டவர், வீட்டுக்கு வீடு ஒரு சின்ன ஆண்டெனா. நாளைக்கு ஜெயிக்கப்போறதும் இதுதான், எழுதி வச்சுக்கோ."

ஹில்க்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "என் வீடு வரைக்கும் வருமா, ஆர்மாஸ்?"

"நான் போட்டா வரும்."

மார்ச்சில் ஏரி கல்லாக உறைந்திருந்தது. எங்கள் பக்கத்தில் கனமான வேலை எல்லாவற்றையும் பனிக்கட்டி தாங்கும்போதே முடித்துவிடுவது வழக்கம். பெந்தியின் டிராக்டர் ஏரிக்கு மேலேயே சாமானை இழுத்து வந்தது. குன்றில் டவரை நிறுத்திவிட்டு, ஹில்க்காவின் கூரையில் ஆண்டெனாவை மாட்டி அளந்தேன். சிக்னல் கண்ணாடி மாதிரி. பெந்தியே தொப்பியைக் கழற்றினான்.

ஜூன் முதல் வாரம் ஹில்க்காவிடமிருந்து போன் வந்தது.

"ஏன்யா, ஒலிப்பதிவுல டாக்டர் ஒருத்தர் பாதி எலும்போட நிக்கிறாரு. மீதி எலும்பு வரவே மாட்டேங்குது."

ஓடினேன். வாசலில் நின்றதுமே விளங்கிவிட்டது. மார்ச்சில் மொட்டையாக நின்ற பன்னிரண்டு பிர்ச்சும் இலையை விரித்து, டவரை மறைத்துக்கொண்டு நின்றன. அந்த அலைவரிசைக்கு ஈர இலை சுவர் மாதிரி. முப்பது வருஷம் டவர் ஏறினவன், மரத்துக்கு இலை முளைக்கும் என்பதை மறந்துவிட்டேன்!

"வெட்டிடலாம்," என்றேன். பெந்தி ரம்பத்தோடுதான் வந்திருந்தான்.

அவள் மரங்களையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"மரம் நகராது. உன் பெட்டி நகருமில்ல?"

தண்ணீரை ஒட்டி, மரங்களுக்கு முன்னால், அவர்களுடைய சவுனா இருந்தது. நீராவியில் குளிக்கும் மரக்குடில். அதன் கூரையில் ஆண்டெனாவை மாட்டினேன். டவர் நேருக்கு நேராகத் தெரிந்தது. உடை மாற்றும் அறையில் மேசையைப் போட்டாள். பாதி எலும்பு முழு எலும்பாயிற்று. அந்த இலையுதிர்காலம் கம்பியைக் கழற்றினார்கள். அவள் கஜானிக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை எனக்கு அங்கே வேலை. பனிக்காலத்தில் அந்த உடை மாற்றும் அறையில் உட்கார முடியாது; அக்டோபரில் இலை கொட்டியதும் ஆண்டெனா வீட்டுக் கூரைக்கு ஏறும், மே கடைசியில் சவுனாவுக்கு இறங்கும். நான் ஏறியதிலேயே குட்டையான கூரை அதுதான். இறங்கினால் சூடாக ரொந்தோனென் காத்திருக்கும், உருளைக்கிழங்கும் லிங்கன்பெர்ரிப் பழமும் பிசைந்து உள்ளே வைத்துச் சுட்ட எங்கள் ஊர் அடை. ஏரியைப் பார்த்தபடி இருவரும் தின்போம். அந்த ருசியை வேறு எங்கேயும் நான் கண்டதில்லை.

ஐந்து வருஷத்தில் பெந்தி சொன்னதுதான் ஜெயித்தது. வைமாக்ஸை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. இரண்டாயிரத்துப் பதினான்கு பிப்ரவரியில் நாலாம் தலைமுறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். சமையலறையிலேயே சிக்னல் நிறைந்து நின்றது.

"புது இணைப்புக்குக் கையெழுத்துப் போடு," என்றேன்.

"இது என்ன மாசம்?"

"பிப்ரவரி."

"ஜூன்ல வா."

போனேன். இலை மூடி நின்றது. அவள் பக்கத்தில் நிற்க, மறுபடி அளந்தேன். ஒரு கோடுகூடக் குறையவில்லை. புது அலைவரிசை இலையை ஊடுருவிப் போகிற ஜாதி. கையெழுத்துப் போட்டுவிட்டு, சவுனா மேசையைத் தூக்க ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனை எனக்கு. வீட்டு ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தோம்.

பழைய ஆண்டெனாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இனி இங்க எனக்கு ஏற ஒண்ணும் இல்ல," என்றேன்.

"ரொந்தோனென் திங்கக் கூரை ஏறணும்னு யாரு சொன்னா? உக்காரு."

உட்கார்ந்தேன். அதற்கப்புறம் இலை வராத காலத்தில் நான் எந்த வீட்டையும் அளந்ததில்லை. என்னை மாதிரி அளக்கிறவன் கைனூவில் இன்றைக்கும் கிடையாது.