இந்தப் பக்கச் சம்பளம், அந்தப் பக்க வாடகை

பெர்மாஸ் ஜெயாவில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் முதலில் என்ன கேட்பார், தெரியுமா? எத்தனை பேர் என்று கேட்பதில்லை. கறி மீன் சமைப்பீர்களா என்றும் கேட்பதில்லை.

“வேலை இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

இந்தப் பக்கம் என்றால் மலேசியா. அந்தப் பக்கம் என்றால் பாலத்துக்கு அந்தண்டை இருக்கிற சிங்கப்பூர், சம்பளமும் அங்கே பல மடங்கு. ஜோகூரில் பச்சைப் பிள்ளைக்கும் இது தெரியும்... என்றுதான் சென்ற மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி இருப்பவள் மேகலா. பெரிய சாலையைத் தாண்டினால் ஒரு சூப்பர்மார்க்கெட் இருக்கிறதே, அங்கே கேஷியர். கணவர் தவறிவிட்டார். இரண்டு பெண்கள். பெரியவள் யாழினிக்கு இது எஸ்.பி.எம்., அதாவது பள்ளி இறுதிப் பரீட்சை வருஷம், சின்னவள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். திடீரென்று ஒருநாள், வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். வேறொன்றுமில்லை, அறை அறையாகத் தடுத்து, கட்டில் கட்டிலாக வாடகைக்கு விடப் போகிறாராம். சிங்கப்பூருக்குப் போய்வருகிற பிள்ளைகள் வந்து படுத்து எழுந்து போக ஆளுக்கொரு கட்டில் போதுமே!

“இந்தப் பரீட்சை முடியிற வரைக்குமாச்சும் இங்கயே இருக்கணும்க்கா. எனக்கு வேலையும் பக்கம், புள்ளைங்களுக்கு ஸ்கூலும் பக்கம்” என்றாள்.

சரி வா, தேடுவோம் என்று காரில் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். போன இடமெல்லாம் ஆனை விலை, குதிரை விலை. கடைசியில் ஒரு ஃப்ளாட்டின் மூன்றாவது மாடியில், இரண்டு அறை உள்ள ஒரு வீடு... வாடகை அவள் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும். ஆனாலும் பார்த்ததிலேயே அதுதான் குறைவு.

வீட்டுக்காரர் பிரான்சிஸ் அங்கிள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். தங்கமான மனிதர். காப்பி கலந்து கொடுத்தார். பால்கனியில் நின்றபடி, கையை வெளியே ஆட்டிக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மேகலா எட்டிப் பார்த்தாள். கீழே பெரிய சாலை. சாலைக்கு அந்தண்டை அவளுடைய சூப்பர்மார்க்கெட் போர்டு பளிச்சென்று தெரிகிறது.

“அந்தப் பக்கம்தான் அங்கிள்.”

அங்கிளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சுவருக்குப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றார். பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று சும்மா கிடக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும்தான். வீடு கிடைக்கிற நேரத்தில் வாயைத் திறப்பானேன்? காப்பியைக் குடித்தேன்.

“பஸ்ஸா, மோட்டாரா?” — அங்கிள் விடவில்லை.

“நடந்துதான் அங்கிள்.”

“நடந்தா! தெனமுமா?”

“ஆமா. பத்து நிமிஷம்தான். மழை பேஞ்சா கொஞ்சம் கஷ்டம்.”

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் காப்பியைப் பார்த்தேன்.

“பாஸ்போர்ட்ல சாப் அடிக்கவே அதுக்கு மேல ஆகுமேம்மா?”

“சூப்பர்மார்க்கெட்டுக்குப் போக எதுக்கு அங்கிள் பாஸ்போர்ட்டு?”

என்னால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். அப்புறம்தான் மேகலாவுக்கு உறைத்தது. “அலமாக்!” என்று வாயைப் பொத்திக்கொண்டு அவளும் சிரித்தாள். அங்கிளும் சிரித்தார். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்தபோது யாரும் ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேசவில்லை.

“மகன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்மா” என்றார் அங்கிள்.

மகனிடம் கேட்டுச் சொல்வது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது காரில் நான்தான் பொருமிக்கொண்டே வந்தேன். குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நாடு முழுக்க ஒரே அளவு. எங்கோ ஒரு சின்ன ஊரில் கல்லாவில் உட்காருகிறவளுக்கும் அதுதான், பாலத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிற இவளுக்கும் அதுதான். வாடகை மட்டும் ஊருக்கு ஊர் வேறு! சம்பளத்தை நிர்ணயிக்கிறவர்கள், அந்தந்த ஊரில் ஒரு சின்ன வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்று விசாரித்துவிட்டு நிர்ணயித்தால் என்ன? வாடகை ஏறினால் சம்பளமும் கூடவே ஏறட்டுமே. கேட்டால் கடையை மூடிவிடுவோம் என்பார்கள் முதலாளிகள். ஏன் ஐயா, வேலை செய்கிறவள் ஊரிலேயே இருக்க முடியாவிட்டால் கடையை யார் திறப்பது?

மூன்றாம் நாள் அங்கிள் எனக்குப் போன் செய்தார். மேகலாவிடம் நேராகச் சொல்ல மனசு வரவில்லையாம். “மாசாமாசம் வாடகை வந்தாத்தான் பேங்க்ல வீட்டுக் கடனக் கட்ட முடியும்மா. பாவம், அது சம்பளத்துல எப்படி...?”

விடுவேனா? என் திட்டத்தை அவரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“நல்ல யோசனைதான்மா. ஆனா எல்லாருக்கும் சம்பளம் ஏறுச்சுன்னா நானும் வாடகைய ஏத்துவேன்லா. நான் ஏத்தலன்னாலும் மத்தவங்க ஏத்துவாங்க.”

இப்படி ஒரு நல்ல மனுஷன் வாயிலிருந்தே வருகிறதே! போனை வைத்துவிட்டேன். அன்று முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை. நிஜமாகவே பயமாக இருந்தது.

தூரத்தில் தள்ளியிருக்கிற கூலாயில் வாடகை குறைவு என்று யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்தோம். குறைவுதான். ஆனால் அங்கிருந்து தினமும் இங்கே வந்து போனால், மிச்சம் பிடித்ததெல்லாம் பஸ்ஸுக்குச் சரி. பரீட்சை வருஷத்தில் யாழினியை எந்தப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

ஒருநாள் சாயங்காலம் மேகலா என் வாசலில் வந்து நின்றாள்.

“வேலைய வுட்டுட்டேன்க்கா. சிங்கப்பூர்ல க்ளீனிங் வேல, நைட் ஷிஃப்ட். பெர்மிட் கெடச்சிரும்னு சொல்லிட்டாங்க.”

“புள்ளைங்க?”

“பெரியவ பாத்துக்குவா” என்றாள். அப்புறம் அழுதாள். பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்காகத்தான் இந்த ஊரே வேண்டும் என்றாள், இப்போது அந்தப் பெண்தான் தங்கைக்குத் தாய். நானும் அழுதேன். வேறு என்னதான் செய்வது, சொல்லுங்கள்?

பெர்மிட் கிடைத்தது. வீடும் கிடைத்தது — அங்கிளுடைய அதே வீடு! பெயின்ட் அடித்துக் கொடுத்தார். மகனிடம் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை பால் காய்ச்சினார்கள். காலையில் நல்ல நேரம் குறித்து வைத்திருந்தாள் மேகலா. ஷிஃப்ட் முடிந்து நேராக வந்துவிடுகிறேன் என்றாள். சனிக்கிழமை காலையில் சிங்கப்பூர்க்காரர்கள் எல்லாரும் சாமான் வாங்க இங்கே படையெடுத்து வருவார்கள் என்பது கல்லாவில் இருந்தவளுக்குத் தெரியும், அந்தக் கூட்டம் பாலத்தை எத்தனை நேரம் அடைக்கும் என்பது எப்படித் தெரியும்? சின்னவள் வாசலுக்கும் பால்கனிக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். “ஜாம்க்கா, நேரம் போயிரும், நீங்களே வச்சிருங்க” என்று போனில் சொன்னாள் மேகலா. யாழினிதான் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

நல்ல நேரத்துக்குள் பால் பொங்கிவிட்டது. குடித்தனக்காரிதான் இன்னும் பாலத்தில் நின்றுகொண்டிருந்தாள்.