மொட்டைவாலும் ஹேஷ் குறியும்

எங்கள் நாய்க் காப்பகத்தில் எல்லோரும் அவரை ‘சைட் அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். காப்பகத்தின் வெப்சைட்டைச் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொண்டவர். ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை. அம்மா இருந்தவரை அம்மாவோடு இருந்தார். அப்புறம் மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். வேலையும் வீட்டிலிருந்தபடியே. வீட்டின் சொந்தக்காரரோ நாய் என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளிப்பவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டைத் திறந்தால் அக்கா நிற்பார். நேரே மொட்டைவாலின் கூண்டுக்குப் போவார். எங்களிடம் எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்த கிழட்டு நாய் அவன். அவனை நடத்திக் கூட்டிப்போய் மரத்தடியில் உட்கார்ந்து அந்த வாரக் கதையெல்லாம் சொல்வார். பெரிய கதை! குழாய் ஒழுகியது, பக்கத்துக் கடையில் பால் தீர்ந்துபோனது. கூண்டு கழுவியபடியே நான் ஒட்டுக்கேட்பேன். என்னைவிட அவனுக்குப் பொறுமை அதிகம்.

சைட்டில் ‘குட்டி’, ‘பெரியது’, ‘வயதானது’ என்று பட்டன்கள் வைத்திருந்தார். ‘வயதானது’ என்பதை அழுத்தினால் மற்றதெல்லாம் மறைந்து கிழட்டு நாய்கள் மட்டும் நிற்கும். முகவரியின் கடைசியில் ‘#’ என்கிற ஹேஷ் குறியும் அந்தச் சொல்லும் ஒட்டிக்கொள்ளும். அந்த லிங்கை யாருக்கு அனுப்பினாலும் அவர்களுக்கும் அதே நாய்கள்தான் தெரியும். முதலில் வந்தவனுக்கே முதலிடம் என்பதால் மொட்டைவால்தான் எல்லோருக்கும் மேலே. நாங்களும் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினோம். மற்ற நாய்களைத் தேடி ஆள் வந்ததே தவிர, இவனை ஒருத்தரும் கேட்கவில்லை. இவர்களுக்கெல்லாம் கண் எங்கே போயிற்று என்று நான் பொருமுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறொரு நாயைக் கூட்டிப்போக வந்த தையல்காரம்மா மொட்டைவாலின் கூண்டருகே நின்றுவிட்டார்.

“இவன் போட்டோவ நீங்க போடவே இல்லையே?”

“மொதல்ல இருக்கறதே இவன்தாம்மா!” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் போனை நீட்டினார். பக்கத்தில் நின்ற அக்கா வாங்கி லிங்கைத் தொட்டார். பக்கம் திறந்ததுதான் தாமதம், விருட்டென்று கீழே நழுவியது. கண்ணுக்குத் தெரிந்தது இரண்டாவது நாய். விரலால் இழுத்த பிறகுதான் மொட்டைவால் எட்டிப் பார்த்தான்.

அக்கா விளக்கியது இதுதான். ஹேஷ் குறிக்குப் பின்னால் ஒரு பெயரைக் கண்டால், பக்கத்தில் அதே பெயருள்ள இடத்தைத் தேடி ஓடுவது பிரவுசரின் பழக்கம். கிழட்டு நாய்களின் வரிசைக்கும், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே, அதே பெயரைத்தான் வைத்திருந்தார். அதனால் அந்த வரிசை ஓடிப்போய்த் திரையின் உச்சியில் முட்டும். அங்கே காப்பகத்தின் பெயர்ப்பட்டை அசையாமல் நிற்கும். முதல் நாய் அதன் அடியில் மறைந்துவிடும். அவருடைய பெரிய கம்ப்யூட்டரில் எல்லா நாய்களும் ஒரே திரையில் அடங்கிவிட்டதால் ஓட இடமில்லை, ஓடியதும் இல்லை. நானோ அனுப்புவதோடு சரி. தினமும் முகத்தைப் பார்க்கிற நாயைப் போனில் வேறு பார்ப்பானேன்?

“சரி பண்ணிடறேன்” என்றார் அக்கா. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அது அப்படியேதான் இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“என்னக்கா, அவ்வளவு கஷ்டமா?”

“ஒரு வரிய மாத்தணும். அவ்வளவுதான்.”

“அப்புறம் என்ன?”

மரத்தடியில் உட்கார்ந்தபடி அவன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். “மாத்திட்டா இவன யாராச்சும் கூட்டிட்டுப் போயிடுவாங்க தம்பி. அப்புறம் ஞாயித்துக்கிழம நான் எங்க போவேன்?”

பெண்டாட்டியும் பிள்ளைகளுமாக வீட்டில் காது கொடுக்க முடியாத சத்தத்தில் வாழ்கிறவன் நான். வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கூண்டைக் கழுவப் போனேன்.

திரும்பக் கொண்டுவந்து விட்டபோது, கூண்டின் சிமென்ட் தரையில் மொட்டைவால் படுத்தான். அக்கா போகிறார் என்று தெரிந்ததும் எழப் பார்த்தான். பின்னங்கால் வழுக்கியது. மறுபடி முயன்றான், மறுபடி வழுக்கியது. அக்கா உள்ளே போய் அவன் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். “இவனுக்கு ஒரு வீடு வேணும்” என்றார். யாரிடம் சொன்னாரோ தெரியவில்லை.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து மடியில் கம்ப்யூட்டரைத் திறந்தார். வரிசையின் உள்பெயரை மாற்றினார். தேடி ஓட அந்தப் பெயரில் இடமே இல்லாததால் பக்கம் இனி அசையாது. நாய்களைப் பிரிப்பது மட்டும் முன்போலவே நடக்கும். என் போனில் திறக்கச் சொன்னார். திறந்தேன். மேலே மொட்டைவால், நாக்கைத் தொங்கவிட்டபடி.

“தெரியறானா?”

“தெரியறான்க்கா.”

அந்த வாரமே ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மனைவியோடு வந்தார். “போனத் தொறந்ததுமே இவன்தான் பாத்தான்” என்றார் அந்தம்மா. அடுத்த சனிக்கிழமை மொட்டைவால் போய்விட்டான். போனில் சொன்னேன். “நல்லது” என்றார் அக்கா.

மறுநாள் கேட்டைத் திறந்தேன். யாரும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானே கூப்பிட்டேன்.

“வேலையா இருக்கீங்களாக்கா?”

“இல்ல தம்பி. சும்மாதான் உக்காந்திருக்கேன்.”

தீனி வாளியைக் கையில் எடுத்தேன். “வெச்சிடட்டுமா?” என்றேன்.

“வெக்காதீங்க” என்றார். “போனக் கொஞ்ச நேரம் கூண்டுப் பக்கமா பிடிங்களேன்.”

பிடித்தேன். தீனி வைக்கிற நேரம், எல்லாம் ஒன்றாகக் குரைத்துக்கொண்டிருந்தன. என் கை கடுத்தது. அக்கா போனை வைக்கவே இல்லை.