நாலாவது ஆள்

பிலிஸ் அக்கா எதையும் கையில் கொடுக்க மாட்டார், எறிவார். டெலிபோன் அறை ஜன்னலில் நின்று ஸ்டேப்ளர் கேட்டால் ஸ்டேப்ளர் பறந்து வரும். டீ நேரத்தில் இங்கே சிக்கி எனப்படும் கடலை மிட்டாய் பறந்து வரும். "தம்பி, புடி" என்ற குரல் பொருளுக்குச் சற்றுப் பின்னால்தான் வந்து சேரும். கணக்குப் பிரிவில் நான் சேர்ந்த புதிதில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் என் மூக்குக் கண்ணாடியைப் பதம் பார்த்தது. அக்கா வருத்தப்பட்டார், ஆனால் எனக்காக அல்ல. "இவ்ளோ மெதுவா வந்ததக்கூட புடிக்கத் தெர்ல. வூட்ல உனக்கு இன்னாதான் கத்துக் குடுத்தாங்க?" என்றார்.

அவருக்கு யார் எதை எறிந்தாலும் கவலையில்லை. காதில் ஹெட்போன், வாயில் "ஹோல்ட் ஆன் ப்ளீஸ்", வலக்கையில் டெலிபோன் போர்டின் வயர். இடக்கை மட்டும் தானாக எழும்பி, வருவதைப் பிடித்து மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பும். முகம் திரும்பாது. மராட்டிய மண்ணில், தாபோடியில் எங்கள் பம்ப் தொழிற்சாலைக்கு எத்தனையோ மேனேஜர்கள் வந்து போனார்கள். அந்த இடக்கைக்குத் தப்பிய பொருள் ஒன்றை நான் பார்த்ததில்லை.

வயது நாற்பத்தைந்து. பூசினாற்போன்ற உடம்பு, கயிறு கட்டிய கண்ணாடி, காட்டன் சேலை. கழுத்துச் சங்கிலியில் சிலுவை பொறித்த தாலி, அதன் பக்கத்திலேயே ஒரு கொத்து ஊக்கு. செருப்பு வார் அறுந்த பெண்களும் ஜாக்கெட் கொக்கி தெறித்த பெண்களும் நேரே டெலிபோன் அறைக்குத்தான் ஓடுவார்கள். ஆற்காட்டிலிருந்து பட்டாளத்து பேண்டு வாத்தியக்காரராகப் பக்கத்துக் கிர்க்கிக்கு வந்தவர் அக்காவின் தாத்தா. மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஜெபம் தமிழில், பேரம் மராத்தியில், வேலை ஆங்கிலத்தில், சண்டை இந்தியில் என்று அக்கா பாகம் பிரித்து வைத்திருக்கிறார். கோபம் அதிகமானால் நாலும் கலந்துவிடும்.

ஒவ்வொரு ஜனவரி இருபத்தாறாம் தேதியும் எங்கள் தொழிற்சாலையில் விளையாட்டு விழா. ஆண்களுக்கு ஓட்டம், கபடி, கயிறு இழுத்தல். பெண்களுக்கு எலுமிச்சை ஸ்பூன், மியூசிகல் சேர், ஊசியில் நூல் கோத்தல். ஆண்களுக்குப் பரிசு கோப்பை. பெண்களுக்கு எவர்சில்வர் டப்பா. பிலிஸ் அக்காவின் சமையலறையில் பருப்பு முதல் புளி வரை எல்லாம் அவர் ஜெயித்த டப்பாக்களில்தான் இருக்கின்றன. "எலுமிச்சம்பழ ஸ்பூன வாயில கவ்வினு நடந்ததுக்குத் தந்தாங்க தம்பி. நாய்க்குட்டிக்கு பிஸ்கட்டு தர்ற மாதிரி" என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் டப்பாவின் மூடியைக் கொஞ்சம் பலமாகவே மூடினார்.

அவர் ஆடியது ரிங் டென்னிஸ். நடுவில் வலை, ஒரு ரப்பர் வளையம். எதிராளி எறிவதை ஒரே கையால் பிடித்து, பிடித்த வேகத்தில் திருப்பி எறிய வேண்டும். இரண்டாவது கை பட்டால் தப்பு. பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து, நிச்சயதார்த்தத்தன்று மத்தியானம் வரை ஆடியிருக்கிறார். கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்கு வந்ததும் நாத்தனார், அதாவது கணவர் ஹெர்பர்ட்டின் அக்கா மில்ட்ரெட், பெட்டியைத் திறந்து வளையத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம வூட்டுப் பொம்பளைங்க ஆடற வழக்கமில்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வளையம் தண்ணீர்க் குடத்துக்குப் பிரிமணை ஆயிற்று. குடம் ஆடாமல் நின்றது என்று அக்கா அதையும் ஒரு பாராட்டாகத்தான் சொல்வார்.

எண்பத்திரண்டு நவம்பரில் டில்லியில் ஆசிய விளையாட்டு நடந்தது. எங்கள் மனமகிழ் மன்றச் செயலாளர் பத்மநாபன் சார் வீட்டு டி.வி. முன்னால் பாதித் தொழிற்சாலை உட்கார்ந்திருந்தது. பெண்கள் ஓடியபோது சார் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார். மறுநாள் காலை பிலிஸ் அக்கா அவருடைய மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

"சார், இந்தத் தடவ லேடீசுக்கு ரிங் டென்னிஸ் வைங்க."

"எதுக்கும்மா வம்பு? ஃபேமிலி லேடீஸ் நாலு பேர் முன்னாடி குதிச்சா நன்னாவா இருக்கும்?"

"நேத்து கை தட்னீங்களே."

"அது டில்லி" என்றார் சார்.

டில்லியில் ஓடினால் தேசத்துக்குப் பெருமை, தாபோடியில் ஓடினால் குடும்பத்துக்குத் தலைகுனிவு. சார் கெட்டவர் அல்ல. நம்மில் பலரும் இப்படித்தான். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஸ்டோருக்குப் பின்னால் காலி முற்றம் ஒன்று இருந்தது. அங்கே ஸ்கூட்டர் ஷெட் போட ஏற்கெனவே முடிவாகியிருந்தது. விழா நாளன்று ஆட்டம் தொடங்கும் நேரத்தில் பக்கத்துக்கு இரண்டாக நாலு பெண்கள் ஆடத் தயாராக நின்றால் முற்றம் அவர்களுக்கே. ஒருத்தி குறைந்தாலும் ஷெட். நாலு பேர் சேரமாட்டார்கள் என்பதில் சாருக்கு இருந்த நம்பிக்கையைப் பார்க்க வேண்டுமே.

அக்கா அன்று மாலையே கேம்ப் கடைத்தெருவுக்குப் போய்ப் புது வளையம் வாங்கி வந்தார். என்னை அம்பயராக நியமித்தார். ஃபைல் கீழே விழுந்தால் ப்யூன் வரும்வரை காத்திருக்கிற ரகம் நான். "ஊதத் தெரியும் இல்ல? அது போதும்" என்று விசிலை எறிந்தார். அதையும் நான் தவறவிட்டேன்.

ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. டைப்பிஸ்ட் சரசாவுக்கு ஆசை உண்டு, நேரமில்லை. பிம்ப்ரியில் அவள் குடியிருந்த வரிசை வீடுகளில் மாலையில்தான் குழாயில் தண்ணீர் வரும். அக்கா அவளோடு விவாதம் செய்யவில்லை. போர்டில் வயரைச் செருகி, சரசாவின் கணவர் வேலை செய்யும் பேங்குக்கு நம்பர் போட்டார். "சரசா கம்பெனியிலேருந்து பேசறேன். நாளையிலேருந்து சாயங்காலம் தண்ணி நீங்க புடிச்சிடுங்க. ஹோல்ட் ஆன் ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு லைனைத் துண்டித்தார். அந்த மனிதர் இன்றுவரை ஹோல்டில்தான் இருக்கிறார், தண்ணீரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

பேக்கிங்கில் இருந்த மேரி புதிதாகக் கல்யாணமானவள். குதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று மாமியார் எச்சரித்திருந்தார். "ரெண்டு கொடம் தண்ணி தூக்கினு மூணு மாடி ஏறினியே, அப்ப எறங்காதது இப்ப எறங்கிடுமா? உன் மாமியாரக் கொடத்தத் தூக்கச் சொல்லு, நான் வளையத்தக் கீழ வைக்கிறேன்" என்றார் அக்கா. சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டால் போலீஸ்காரி என்று சிரிப்பார்களே என்று மேரி அடுத்ததைத் தொடங்கினாள். மறுநாள் அக்கா கான்வாஸ் ஷூவோடு கிர்க்கி பஸ் ஸ்டாப்பில் வரிசையில் நின்றார். சிரித்தார்கள். பஸ் வந்ததும் ஏறிவிட்டார்.

முதல் நாள் பயிற்சியிலேயே சேலைக் கொசுவம் காலில் சிக்கி அக்கா குப்புற விழுந்தார். முழங்கால் கிழிந்தது. ஃபர்ஸ்ட் எய்டு அறையில் மருந்து போட்ட நர்ஸ் வேறு யாருமல்ல, நாத்தனார் மில்ட்ரெட்தான். ஐம்பதைத் தாண்டியவர், விதவை, சபையின் மாதர் சங்கச் செயலாளர். அவர் வராந்தாவில் நடந்தால் ஆண்கள்கூட பீடியை மறைப்பார்கள். பஞ்சால் அழுத்தித் துடைத்தபடி, "கடவுள் வுழ வச்சிக் காட்டறார். இதுக்கு மேல இன்னா வேணும் உனுக்கு?" என்றார்.

"வுழாத மாதிரி ஒரு சேலை வேணும் அண்ணி" என்றார் பிலிஸ் அக்கா.

அந்தச் சேலை கேன்டீனில் இருந்தது. அங்கே பாக்ரி ரொட்டி தட்டும் ஷேவந்தாபாய், தலையில் கூடையோடு சாக்கடையை ஒரே எட்டில் தாண்டுவதை எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எப்படித் தாண்டுகிறாள் என்று அக்காதான் கவனித்தார். மராட்டியப் பெண்கள் கட்டும் காஷ்டா: கொசுவத்தைக் கால்களுக்கு நடுவே வாங்கிப் பின்னால் செருகிவிட்டால் ஓடலாம், குதிக்கலாம், மாடுகூட மேய்க்கலாம். நம் ஆறு கஜச் சேலையிலேயே அதை எப்படி இழுத்துச் செருகி ஊக்கு போடுவது என்று ஷேவந்தாபாய் காட்டிக் கொடுத்தாள். கூடவே, "மீ பண் கேளணார்" என்றாள், நானும் ஆடுவேன் என்று. நாலு பேர் ஆயிற்று.

வீட்டில்தான் புயல். ஹெர்பர்ட், ராணுவ இன்ஜினியரிங் கல்லூரி அலுவலகத்தில் கிளார்க், சாது, ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பை ஏந்துகிறவர். காஷ்டா கட்டிக்கொண்டு பெண்டாட்டி மைதானத்தில் நிற்கப்போகிறாள் என்று கேட்டதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாராம். "சபையில நான் எப்டி மூஞ்சி காட்டறது? அக்கா என்னா சொல்வாங்க?"

"உங்க மூஞ்சிக்கு ஒண்ணும் ஆவாது. சேலை தடுக்கி எல்லார் முன்னாடியும் வுழுந்தா மட்டும் சபைக்கு மரியாதியா? டாக்டர் எனக்கு பி.பி.ன்னு சொல்லிட்டாரு. மாத்திரை தின்னா உங்களுக்கு வெக்கமில்ல, வளையம் எறிஞ்சா வெக்கமா?"

இதை அக்காதான் என்னிடம் சொன்னார். கணவர் இரண்டு நாள் பேசவில்லை என்பது அவருக்குச் சின்ன விஷயம் அல்ல. ஆனாலும் மாலைச் சங்கு ஊதியதும் சங்கிலியிலிருந்து ஊக்கைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டார்.

டிசம்பர் முழுக்க ஆடினார்கள். வேலை முடிந்தவர்கள் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அலுத்துப்போய் ஆட்டத்தைப் பார்த்தார்கள். ஃபர்ஸ்ட் எய்டு அறை ஜன்னல் அந்த முற்றத்தைப் பார்த்துத்தான் திறக்கும். ஒரு நாள் மில்ட்ரெட் சிஸ்டர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். பாதிரியாரிடம் புகார் சொல்லப்போகிறார் என்று நான் நடுங்கினேன். "அந்த சரசாப் பொண்ணு சர்வீஸ் போடறப்ப கோட்ட மிதிக்கறா. நீ அம்பயரா, பொம்மையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இதை அக்காவிடம் சொன்னேன். அக்கா அந்த ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

விழா நாள். ஷாமியானா, ஒலிபெருக்கி, குடும்பங்களுக்கு மடக்கு நாற்காலி. முன்வரிசையில் ஹெர்பர்ட், தலையைக் கொஞ்சம் குனிந்தபடி. பக்கத்தில் வெளிர்நீலப் பட்டில் மில்ட்ரெட் சிஸ்டர், மடியில் கைப்பை. முற்றத்தில் வலை கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. அக்கா, மேரி, ஷேவந்தாபாய் மூவரும் காஷ்டா கட்டித் தயாராக நின்றார்கள். சரசாவைக் காணோம். கடைசியில் அவள் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து சொன்னார்: காலை மதராஸ் ரயிலில் மாமனார் மாமியார் சொல்லாமல் வந்து இறங்கிவிட்டார்களாம். மன்னித்துக்கொள்ளச் சொன்னாளாம்.

"அவ என்னா பண்ணுவா, பாவம்" என்றார் அக்கா. எனக்கோ சரசாவின் மாமனாரை அதே ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பினால் தேவலை போலிருந்தது.

பத்மநாபன் சார் கைக்கடிகாரத்தோடு வந்தார். "நான் அன்னிக்கே சொன்னேனேம்மா. மூணு பேரை வெச்சுண்டு என்ன ஆடறது? நாலாவது ஆள் எங்கே?" என்றார். ஜெயித்த குரலாக இல்லை. நிஜமாகவே கொஞ்சம் வருத்தமாகத்தான் கேட்டார்.

அக்கா கையிலிருந்த வளையத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு முன்வரிசை நாற்காலிகளை நோக்கி வீசினார். ஆட்டத்தில் வீசுகிற அதே வேகம். ஹெர்பர்ட் தலையை மடக்கிக் குனிந்துகொண்டார். மில்ட்ரெட் சிஸ்டரின் வலக்கை கைப்பையை விடவில்லை. இடக்கை எழும்பி வளையத்தைப் பிடித்தது. ஒரே கை. இரண்டாவது படவில்லை.

ஒலிபெருக்கியில் ஏதோ பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் தன் கையிலிருந்த வளையத்தை, அது எப்படி அங்கே வந்தது என்பதுபோல் பார்த்தார்.

"பட்டுச் சேலை பிலிஸ்" என்றார்.

"தெரியும் அண்ணி."

"எனக்கு மூட்டு வலி. ஷூ இல்ல."

"வெறுங்கால்ல ஆடலாம்."

"நான் ஆடி எத்தினி வருசமாச்சி தெரியுமா? அப்பா பெல்ட்ட எடுத்த அன்னிக்கு வுட்டது" என்றார் சிஸ்டர். குனிந்திருந்த ஹெர்பர்ட் நிமிர்ந்து தன் அக்காவைப் பார்த்தார். அவருக்கும் இது புதுச் செய்தி என்று முகமே சொன்னது.

சிஸ்டர் எழுந்தார். கைப்பையைத் தம்பியின் மடியில் வைத்தார். அதன்மேல் தன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். செருப்பை உதறிவிட்டுக் கோட்டைத் தாண்டி முற்றத்துக்குள் வந்து நின்றார். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்து நின்றேன்.

பிலிஸ் அக்கா அருகே போனார். சங்கிலியிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு, காயம் ஆறிய முழங்காலைச் சுண்ணாம்புக் கோடு போட்ட தரையில் ஊன்றி, நாத்தனாருக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தப் பட்டுக் கொசுவத்தைக் கசங்காமல் மெதுவாக மடிக்கத் தொடங்கினார்.