பதினாலாம் நம்பர் மலையும் நிறுத்தப்பட்ட தாளும்

இன்ஜினியரே, அந்தத் தாளை நிறுத்தியது நீங்கள். எங்கள் தோட்டத்து ஆபீசின் தலைமைக் கணக்கர், பெரிய கிராணி, எதையும் மறக்கவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. அச்சு மை வெளுத்துவிட்டது. ஓரத்தில் பென்சிலால் எழுதியது மட்டும் அப்படியே இருக்கிறது: ‘நானும் தங்கச்சியும் ஒரே நேரத்தில் அழுத்தினோம்.’ அது பெரிய கிராணியின் கையெழுத்து. அந்தத் தங்கச்சி நான்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எந்த மலையில் என்றைக்கு மருந்து அடித்தார்கள், என்றைக்குக் கொழுந்து எடுக்கலாம் என்பதெல்லாம் அதற்குள் போனது. பெரிய இயந்திரம் உள்ளறையில். வெளியே இரண்டு திரைகள்: மேல் டிவிசனுக்குப் பெரிய கிராணி, கீழ் டிவிசனுக்கு நான். மாலைச் சங்கு ஊதியதும் இரண்டு டிவிசன் கங்காணிகளும் ஒன்றாகத்தான் சீட்டைக் கொண்டுவருவார்கள். நாங்களும் ஒன்றாகத்தான் உட்காருவோம். வாரத்தில் இரண்டு மூன்று தடவை இயந்திரம் பாதியில் நின்றுபோகும்; விழுந்துவிட்டது என்போம். விழும்போது ஒரு நல்ல காரியம் செய்யும். கடைசியாக எந்த வேலையில் இருந்தது, அந்த வேலையை ஏவியது எது, அதை ஏவியது எது என்று ஒன்றின்கீழ் ஒன்றாக அச்சடித்துவிட்டுத்தான் விழும்.

எனக்கு அது வெறும் கிறுக்கல். பெரிய கிராணி ஆறாம் வகுப்போடு நின்றவர். அவர் அதைப் படித்தார். “நம்ம எஸ்டேட் மாதிரிதான் தங்கச்சி. ஆளு தப்பா வெட்டுனா, கங்காணி சொன்னான்ம்பான். கங்காணியக் கேட்டா கிராணிம்பான். கிராணிக்குச் சொன்னது துரை. ஆனா நம்ம ஆளுங்க விசாரிச்சா கீழ இருக்கறவனோட நிறுத்திடுவாங்க. இது அப்படி இல்ல, மேல வரைக்கும் எழுதி வச்சிருக்கு பாரு” என்று சொல்லிச் சிரித்தார். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும், அது விழுந்தபோது யார் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எழுதினார். இருபது தாள் சேர்ந்ததும் அடுக்கி வைத்துப் பார்த்தார். எல்லாத் தாளிலும் முதல் நாலு வரி ஒன்றே. எல்லாத் தாளிலும் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பதிந்திருந்தோம். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்தோம். அவர் “போட்டாச்சு” என்று சொன்ன பிறகுதான் நான் பதியும் பொத்தானை அழுத்துவேன். ஒரு மாதம் இயந்திரம் விழவே இல்லை.

இயந்திரத்தைச் சரிபார்க்க நீங்கள் கோலாலம்பூரிலிருந்து வந்தீர்கள். அவர் அந்தத் தாள்களை உங்கள் முன் வைத்து விளக்கினார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. “கிராணி, கொழுந்து நிறுக்கிற ஆளுக்கு இதெல்லாம் எதுக்குலா? ப்ரோக்ராம சரிபண்ணியாச்சு. ஆளுக்கொரு தடவ கோயில்ல தீபாராதனை பாக்குற மாதிரி வரிசையில நிக்காதீங்க, சேர்ந்தே அழுத்துங்க.” பிறகு, தாள் வீணாகிறது, இயந்திரமும் மெதுவாகிறது என்று அந்த அச்சடிப்பையே நிறுத்தினீர்கள். தாள்கள் உங்கள் பையில் போயின. நீங்கள் படித்தவர் என்று நம்பினோம். நானும் நம்பினேன். அந்தக் கோபம் எனக்கு என் மேலேயே இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, மேல் டிவிசனின் பதினாலாம் நம்பர் மலையில் மருந்து அடித்த அன்று, சங்கு ஊதியதும் இருவரும் சேர்ந்தே அழுத்தினோம். இரண்டு திரையிலும் ‘பதியப்பட்டது’ என்று வந்தது. வந்ததும் இயந்திரம் விழுந்தது. தாள் எதுவும் வரவில்லை. மறுபடி எழுப்பினோம். பதிந்துவிட்டது என்று அதுவே சொன்ன பிறகு திரும்பப் பதிய யாருக்குத் தோன்றும்? மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது, கங்காணி படித்த பட்டியல் அந்தக் கம்ப்யூட்டர் கொடுத்தது. அதில் பதினாலாம் நம்பர் மலை கொழுந்துக்குத் தயார் என்று இருந்தது. பன்னிரண்டு பெண்கள் ஈரம் காயாத மருந்துக்குள் கையை விட்டார்கள். மதியத்துக்குள் கை தோலுரிந்தது. ஒருத்திக்குக் கண்ணே போனது. லோரியில் ஏற்றித் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

துரை விசாரித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். “தாள் எங்கே?” என்றார். நீங்கள் பக்கத்திலேயே நின்றீர்கள். “மெஷின்ல பிரச்சினை இருந்ததா எந்த ரெக்கார்டும் இல்ல சார், இவர் போட மறந்திருப்பார்” என்றீர்கள். அந்தத் தாள்கள் உங்களிடம் இருந்தன. பெரிய கிராணி உங்களைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சாமான் ஏற்றும்போது, கண் போனவளின் அம்மா அவர் வாசலில் காறித் துப்பினாள். “அவள ஒண்ணும் சொல்லாத தங்கச்சி. அவகிட்ட போய்ச் சொன்னது யாருன்னு பாரு” என்றார். மேசை இழுப்பறைக்குள் அடியில் விரித்திருந்ததால் உங்கள் பைக்குப் போகாமல் தப்பிய ஒரு தாளை என்னிடம் கொடுத்துவிட்டு லோரியில் ஏறினார். கம்போங் ராஜாவில் முட்டைக்கோஸ் ஏற்றி இறக்கி, அந்தப் பழியோடுதான் செத்தார். தோட்டத்து லயத்து வீடுகளில் இன்றைக்கும் அவரை ‘மறதிக் கிராணி’ என்றுதான் சொல்கிறார்கள்.

போன மாதம் பிரிஞ்சாங்கில் ஒரு கூட்டத்தில் உங்களுக்குப் பொன்னாடை போட்டார்கள். என் கையில் ஒரு பதிவுகூடத் தொலைந்ததில்லை என்று மேடையில் சொன்னீர்கள். மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தாளைப் பலரிடம் காட்டிவிட்டேன். இது ஒன்று மட்டும் போதாது என்கிறார்கள். சரி. மற்றவை உங்களிடம் இருக்கின்றன, அல்லது அவற்றை என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதே மேடையில், அந்தப் பன்னிரண்டு பெண்களில் உயிரோடு இருப்பவர்கள் முன்னால் ஏறி நின்று பதில் சொல்லுங்கள். பதினாலாம் நம்பர் மலையை மறந்தது யார்?